பாப்பாவுக்கு, பட்டர்வொர்த்திலிருந்து

அன்புள்ள பாப்பா,

முறுக்கு டின்னை உன் தம்பி நேற்றுதான் பார்சலில் போட்டான். வெள்ளிக்கிழமைக்குள் கோலாலம்பூர் செந்தூலுக்கு வந்துவிடும் என்றான். மேலே இருக்கும் பொட்டலம் அதிரசம். அதை முதலில் சாப்பிடு, வைத்தால் பூஞ்சை பூத்துவிடும். ஆஸ்பத்திரிக்கு நைட் டியூட்டிக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே. ஊறுகாய் பாட்டிலைத் துணி சுற்றி அடியில் வைத்திருக்கிறேன், பார்த்துப் பிரி.

போன் இருக்கும்போது அம்மா ஏன் தாளில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் என்ன எழுதினாலும் "ஓகேமா" என்று போட்டுவிடுகிறாய். தீபாவளி கழிந்து ஐந்து வாரமாக எனக்கு வந்ததெல்லாம் ஓகேமாதான். சரி, வேலை அப்படி. குறை சொல்லவில்லை.

இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை 9-க்கு இறங்கியிருக்கிறது, ஆனால் காலையில் ரொட்டி சானாயை விடமாட்டேன் என்கிறார். தம்பி இன்னமும் பினாங்குப் பாலத்தின் வழியாக மோட்டார் சைக்கிளில்தான் பாயான் லெப்பாசுக்கு வேலைக்குப் போகிறான். நீ அன்றைக்குத் திட்டியதிலிருந்து ஹெல்மெட் வாரை இழுத்து மாட்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறான். வார் போடாத ஹெல்மெட் விழுகிறவனுக்கு முன்னாலேயே பறந்துபோகும் என்று சொன்னாயே, அது அவன் மண்டையில் ஏறிவிட்டது. இந்த நாட்டில் ரோட்டில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டார்காரர்கள். அதை நீ எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நானும் பார்த்தவள்தான்.

உன் கொந்தராக், அந்த ஒப்பந்த வேலை, முடிகிற டிசம்பர் 31 வருகிறது. அதைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்களா, புது கடிதம் வந்ததா, எத்தனை மாதத்துக்கு என்று எதையும் கேட்கமாட்டேன். ஆனால் யோசனை வராமல் இருக்குமா? 2021 ஜூலையில் கொந்தராக் டாக்டர்கள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்து நின்றதை டிவியில் பார்த்தபோது, டாக்டருக்கே இந்தக் கதி என்றால் உன்னைப் போல நர்ஸ் வேலை பார்க்கும் மிஸ்ஸிக்கு என்ன என்றுதான் தோன்றியது. 2024-இல் உங்கள் வேலை நேரத்தை, வாரம் 42 மணி நேரத்தை 45 ஆக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது நீ போனில் கத்தினாய். அப்போதாவது கத்தினாய். சிங்கப்பூருக்குப் போகும் எண்ணம் இருந்தால் அதையாவது சொல். உன்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்களாம், உன் பெரியம்மா சொன்னாள். போவதானால் போ, சொல்லிவிட்டுப் போ. சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போ.

உன்னைப் பற்றிக் கோயிலில் யாராவது கேட்டால் எனக்கு வாய் நிற்பதில்லை. வருகிற நோயாளியைப் பார்த்ததுமே எவ்வளவு அவசரம், இவன் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று என் மகள் சொல்லிவிடுவாள் என்பேன். நெஞ்சை அழுத்துவது நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது, ஐந்து சென்டிமீட்டர் கீழே போகணும், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறணும், இதெல்லாம் எனக்கு மனப்பாடம். உன் மாமாவிடம் நீ நிரந்தரம் ஆகிவிட்டாய் என்றே சொல்லிவைத்திருக்கிறேன். அது பொய். ஏன் சொன்னேன் என்று உனக்குத் தெரியும். சின்னம்மா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ஒரு நாள் வந்துவிட்டுப் போயிருக்கலாம். எல்லாரும் உன்னைத்தான் கேட்டார்கள், எனக்குத்தான் பதில் இல்லை.

இவ்வளவும் எழுதிவிட்டேன், எழுத வந்ததை இன்னும் எழுதவில்லை.

தீபாவளி இரவு, விடியற்காலை நாலு மணிக்கு நீ கூப்பிட்டாய். "என்ன பாப்பா" என்றேன். "சும்மாதான்மா" என்றாய். பின்னால் ட்ராலி சக்கரம் கிறீச்சிட்டது. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கை கழுவிக்கொண்டிருந்தாய். ரொம்ப நேரம் கழுவினாய். நான் என்ன கேட்டேன்? "கொந்தராக் என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "ஓகேமா" என்று சொல்லி வைத்துவிட்டாய்.

வேறு எந்த அம்மாவாவது கேட்டிருந்தால் தெரியாமல் கேட்டாள் என்று விட்டுவிடலாம். நான் ஆஸ்பத்திரித் தரையை 19 வருடம் துடைத்தவள். ஆஸ்பத்திரித் துப்புரவு 1997-இல் தனியார் கைக்குப் போனது, நான் 2001-இல் சேர்ந்தேன். கம்பெனி மாறியது, சட்டையின் நிறம் மாறியது, நான் கடைசி வரை கொந்தராக்தான். ஒவ்வொரு தடவை டெண்டர் முடியும்போதும் நம் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள், ஞாபகம் இருக்கும். அந்தப் பயம் எனக்குள் அப்படியே இருக்கிறது. பிள்ளை நாலு மணிக்குக் கூப்பிட்டாலும் அதுதான் முதலில் வாயில் வருகிறது.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. ஒரு நைட்டில் பள்ளிக்கூடப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள், மோட்டார் விபத்து. சட்டையைக் கத்தரித்தார்கள், மாறி மாறி அழுத்தினார்கள், கடைசியில் திரையை இழுத்துவிட்டார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். ரத்தத்தின் மேல் காகிதத்தைப் போட்டு, குளோரினை ஊற்றி, பத்து நிமிடம் விடணும், உடனே துடைக்கக்கூடாது. அந்தப் பத்து நிமிடத்தில் கட்டிலுக்கு அடியில் கிடந்த ஒற்றைச் செருப்பை எடுத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டேன். நீல வார், குதிகால் பக்கம் தேய்ந்திருந்தது. ஆஸ்பத்திரிக் கழிவு போடும் மஞ்சள் பையில் போடுவதா, வீட்டுக்காரர்களிடம் கொடுப்பதா என்று கேட்க மிஸ்ஸியைத் தேடிப் போனேன். துணி அடுக்கும் அறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மலாய்ப் பெண், உன் வயதுதான் இருக்கும். இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

நான் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். சூப்பர்வைசர் திட்டுவார், நமக்கு எதற்கு, நாம் கொந்தராக் என்று. ஒரு தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவளும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே. அடுத்த மாதம் அவள் வார்டு மாறிப் போய்விட்டாள், பேர்கூட நான் கேட்கவில்லை.

அன்றைக்கு அவளிடம் செய்ததைத்தான் தீபாவளிக்கு உன்னிடமும் செய்தேன் பாப்பா. அம்மாவை மன்னித்துக்கொள்.

அன்றைக்கு யார் வந்தார்கள், என்ன நடந்தது என்று நீ சொல்ல வேண்டாம். சொல்லத் தோன்றினால் சொல், கேட்டுக்கொண்டிருப்பேன். எப்போதும்போல ஐந்தரைக்குத்தான் எழுந்திருக்கிறேன் என்று நினைக்காதே, இப்போதெல்லாம் மூன்றரைக்கே முழிப்பு வந்துவிடுகிறது. போன் தலைமாட்டில்தான் இருக்கிறது. கூப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாலும் சரி.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிறேன். உனக்கு லீவு கிடைத்தால் ரயிலில் வா, பஸ்ஸில் வராதே, தூக்கம் கெடும். கிடைக்காவிட்டால் நான் அடுத்த வாரமே செந்தூலுக்கு வருகிறேன். நீ நைட் முடிந்து வந்து தூங்கு, நான் சமைத்து வைத்துவிட்டுச் சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பேன்.

அதிரசத்தை முதலில் சாப்பிடு.

அம்மா