பூஜ்யத்திலிருந்து எண்ணச் சொன்னவருக்கு

கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

இசைக் கோட்பாட்டை அரிச்சுவடியிலிருந்து படிக்க வருபவர்களுக்காக நாங்கள் வைத்திருந்த பாடத் தொகுப்பு குலைந்துபோனது உங்களுக்கே தெரியும். நீங்கள் அனுப்பியவற்றால் அது மறுபடி எழுந்து நிற்கிறது. கடைசிப் பக்கத்தைச் சரிபார்த்த கையோடு இதை எழுதுகிறோம். படபடப்பு இன்னும் அடங்கவில்லை.

முதல் நன்றி, பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட பியானோ ஆசிரியைக்கு. அம்மா, ஆளாளுக்குப் பாடங்களும் காணொளிகளும் அனுப்பிக்கொண்டிருந்த நேரத்தில் நீங்கள் அனுப்பியது இரண்டே இரண்டு ஏ4 தாள்கள். குறுக்குவாட்டில் வைத்து ஒட்டினால் அசல் அளவில் பியானோ கட்டைகள்: 15 வெள்ளை, 10 கறுப்பு, சி-யில் தொடங்கி இரண்டு ஸ்தாயி தாண்டி மேல் சி வரை (மேற்கத்திய இசையில் வெள்ளைக் கட்டைகளின் சுரங்களுக்கு ஏ முதல் ஜி வரை ஏழு எழுத்துகளே பெயர்). கையில் வாத்தியம் இல்லாதவர்கூட மேசையில் விரித்து விரல் வைத்துப் படிக்கலாம். அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "எழுத்தை ஒன்றிலிருந்து எண்ணு, கட்டையைப் பூஜ்யத்திலிருந்து எண்ணு."

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் சரியாக அதுதான். மேஜர் ஸ்கேல் என்னும் ஏழு சுர வரிசைக்கு 2-2-1-2-2-2-1 என்ற அரைச்சுரக் கணக்கை எல்லாப் பாடங்களும் தருகின்றன (கறுப்போ வெள்ளையோ, ஒரு கட்டையிலிருந்து ஒட்டிய அடுத்த கட்டைக்குப் போவது ஓர் அரைச்சுரம்). எந்தக் கட்டையிலிருந்து எண்ண ஆரம்பிப்பது என்பதைப் பல பாடங்கள் சொல்லாமலே போய்விடுகின்றன. நிற்கும் சி-யையே ஒன்று என்று எண்ணினால், இரண்டு என்னும்போது விரல் சி ஷார்ப்பில், அதாவது சி-க்கு வலப்பக்கக் கறுப்புக் கட்டையில், நிற்கும், ஸ்கேல் முதல் அடியிலேயே கெட்டுவிடும். சி-யைப் பூஜ்யம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சி ஷார்ப் ஒன்று, டி இரண்டு. அங்கிருந்து மறுபடி பூஜ்யம்.

இரண்டு சுரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியின் பெயருக்கு வந்தால் கணக்கே மாறுகிறது. சி, டி, ஈ என்று எழுத்துகளை ஒன்றிலிருந்து எண்ணினால் மூன்று. அதனால் அது தேர்டு. கட்டைக் கணக்கில் அதுவே நான்கு. அதனால் மேஜர் தேர்டு. சி-யிலிருந்து ஈ ஃப்ளாட்டுக்கு (ஈ-க்கு இடப்பக்கக் கறுப்புக் கட்டை) எழுத்து மூன்று, கட்டையும் மூன்று: மைனர் தேர்டு. அதே கட்டையை டி ஷார்ப் என்று எழுதினால் எழுத்து இரண்டாகிவிடும், பெயரும் ஆக்மென்டட் செகண்ட் ஆகிவிடும். எஃப்-இல் தொடங்கும் மேஜர் ஸ்கேலில் ஏ ஷார்ப் என்று எழுதாமல் பி ஃப்ளாட் என்று எழுதுவதும் இதனால்தான்: ஏழு எழுத்தும் ஆளுக்கு ஒரு முறை வர வேண்டும். ஏ ஷார்ப் போட்டால் ஏ இரண்டு தடவை வரும், பி விடுபட்டுப் போகும். இத்தனையும் உங்கள் ஒற்றை வரிக்குள் அடக்கம். தடித்தடியான புத்தகங்களைப் புரட்டிவிட்டுத்தான் சொல்கிறோம், இதைவிடச் சுருக்கமாக, இதைவிடத் தெளிவாக எங்கும் பார்க்கவில்லை.

மற்றவர்களையும் மறக்கவில்லை. மியூசிக்தியரி டாட் நெட் தளத்தின் பாடங்களையும் பயிற்சிகளையும் படிக்க வேண்டிய வரிசையில் கோத்துத் தந்தவர்கள், இசைக்குறி எழுதும் மென்பொருளான மியூஸ்கோரில் பயிற்சித்தாள்களைத் தட்டச்சு செய்து விடைத்தாளும் சேர்த்தவர்கள், ஒவ்வொரு இடைவெளியையும் வாசித்து ஒலிப்பதிவு அனுப்பியவர்கள், ஐஎம்எஸ்எல்பி என்னும் இணைய இசைத்தாள் நூலகத்தில் உள்ள பழைய இசைத்தாள்களுக்கு நாட்டுக்கு நாடு காப்புரிமை மாறும் என்று சரியான நேரத்தில் எச்சரித்தவர்கள், எல்லோருக்கும் நன்றி. இசைத்தாளின் ஐந்து கோடுகளுக்கான எழுத்துகளை வாய்ப்பாடாக மனப்பாடம் செய்யச் சொல்லாமல், ட்ரெபிள் கிளெஃபில் (கிளெஃப் என்பது எந்தக் கோடு எந்தச் சுரம் என்று காட்டும் தொடக்கக் குறி) கீழிருந்து இரண்டாம் கோடு ஜி, பேஸ் கிளெஃபில் நான்காம் கோடு எஃப், நடுவே மிடில் சி என்று மூன்று அடையாளங்களைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து ஏறி இறங்கப் பழக்குங்கள் என்று வற்புறுத்திய நண்பருக்குத் தனியாக ஒரு கும்பிடு. வாய்ப்பாட்டை நம்பியவர்கள் ஒவ்வொரு சுரத்துக்கும் அடிக்கோட்டிலிருந்து ஆரம்பிக்கிறார்கள், வேகம் வருவதே இல்லை.

வந்து குவிந்ததைப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. நல்ல பாடங்களுக்குப் பஞ்சமே இல்லை. பத்துப் பாடங்களை ஒரே நாளில் திறந்து வைத்துக்கொள்பவர் எதையும் முடிப்பதில்லை. ஆகவே இனி இந்தத் தொகுப்பில் சேரும் எதற்கும் மூன்று கேள்வி உண்டு: பயிற்சி இருக்கிறதா, விடை இருக்கிறதா, காதால் கேட்க ஒலி இருக்கிறதா? மூன்றில் ஒன்று குறைந்தாலும் சேர்க்க மாட்டோம். ஸ்கேல்களை ஐந்தாம் சுர இடைவெளியில் வட்டமாக அடுக்கிக் காட்டும் ஐந்தாம் சுர வட்டத்தை முதல் வாரத்தில் யாருக்கும் காட்டவும் மாட்டோம். ஏழெட்டு மேஜர் ஸ்கேல்களைச் சொந்தமாக எண்ணி எழுதியவருக்கு அது தானாக விளங்கும், மற்றவருக்கு அது வெறும் படம்.

ஆசிரியையின் தாள்கள் தொகுப்பின் முதல் பக்கத்தில் இருக்கின்றன. அச்செடுக்கும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை நீக்கிவிட்டு 100 சதவீதத்தில் எடுங்கள். ஏழு வெள்ளைக் கட்டைகளைச் சேர்த்து அளந்தால் ஏறக்குறைய 16.5 செ.மீ. வர வேண்டும். குறைந்தால் அச்சு சுருங்கியிருக்கிறது, மறுபடி எடுங்கள்.