விலங்கியல் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கருவியல் தாளின் பாடத்திட்டத்தைப் புதுப்பிக்கக் கேட்டு எங்கள் துறையிலிருந்து வந்த கடிதங்கள் உங்கள் கோப்பில் இருக்கும். அதனால் நேரே இந்தப் பருவத் தேர்வுக்கு வருகிறேன்.

பழ ஈயின் கருவில் உடல் அச்சு அமைவதை விளக்கச் சொல்லி ஒரு கேள்வி. தலை எது, வால் எது என்று கருவுக்கு உணர்த்தும் பைக்காய்டு என்ற புரதம் தலைப்பக்கம் அடர்ந்தும் வால்பக்கம் குறைந்தும் இருப்பதை என் மாணவி எழுதினாள். அதோடு நிற்காமல், அந்தச் செறிவை உட்கருக்கள் எப்படித் தகவலாக வாசிக்கின்றன என்றும் எழுதினாள். மரபணு வெறும் ஆன்-ஆஃப் சுவிட்ச் என்றால் அதிலிருந்து ஒரு பிட் தகவல்தான், அதாவது ஆம்-இல்லை என்ற ஒரே ஒரு பதில்தான், கிடைக்கும். பைக்காய்டின் கட்டுப்பாட்டில் இயங்கி, கருவை அகலமான பகுதிகளாகப் பிரிக்கும் நான்கு ‘கேப்’ மரபணுக்களும் எவ்வளவு இயங்குகின்றன என்பதைச் சேர்த்து வாசித்தால் நான்கு பிட்டுக்குச் சற்று மேல் கிடைக்கிறது. அரை மில்லிமீட்டர் நீளமுள்ள கருவில் ஓர் உட்கரு தன் இடத்தை ஏறத்தாழ 1 சதவீதப் பிழைக்குள் அறிய அது போதும். பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2013-இல் அளந்து சொன்ன கணக்கு இது.

விடைத்தாள் நகலில் அந்தப் பத்தியின் குறுக்கே சிவப்புக் கோடு. ஓரத்தில் ‘பாடத்தில் இல்லை’. மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டியும் மதிப்பெண் மாறவில்லை. “அப்போ நான் எழுதினது தப்பா மேடம்?” என்றாள். தப்பில்லை, ஆனால் மார்க் கிடையாது என்று சொல்ல எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. திருத்தியவரைக் குறை சொல்லவில்லை. விடைக்குறிப்பில் இல்லாததற்கு அவர் எப்படி மதிப்பெண் போடுவார்?

கேட்பது ஒன்றுதான். கரு தகவலைக் கையாண்டு வடிவம் பெறுவதைப் பற்றி ஓர் அலகு சேருங்கள். இது நேற்று முளைத்த துறையும் அல்ல. உயிரிகளில் வடிவம் எப்படித் தோன்றுகிறது என்பதைப் பற்றிக் கணிதவியலாளர் ஆலன் டூரிங் எழுதிய கட்டுரை 1952-இல் வந்தது; செல் தன் இடத்தை அறிந்து அதற்கேற்ப வளர்கிறது என்ற ‘இடத்தகவல்’ கருத்தை உயிரியலாளர் லூயிஸ் வோல்பர்ட் 1969-இல் முன்வைத்தார். நாமோ இன்னும் 24 மணி, 48 மணி, 72 மணிக் கோழிக்கருவைப் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்கிறோம். கோழியும் சலிக்காமல் அப்படியே வளர்ந்து கொடுப்பதால் வினாத்தாளை மாற்றும் அவசியம் வரவில்லை போலும்.

சரி, கோபத்தை விடுகிறேன். அடுத்த திருத்தத்தில் அந்த ஓர் அலகைச் சேர்க்க வேண்டுகிறேன். அதுவரை, பாடத்துக்கு வெளியே இருந்தாலும் சரியான விடைக்கு மதிப்பெண் தரலாம் என்று விடைக்குறிப்பில் ஒரு வரியாவது சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விலங்கியல் ஆசிரியை