ஸ்கூட்டர் வாங்கலாமான்னு கேட்டியே விஜி

அன்புள்ள விஜி,

நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜ் கேட்டேன்டி. பாதி உன் மருமக பத்தி, மீதி எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பத்தி. மருமக விஷயத்த எழுத்துல வச்சா நாளைக்கு வம்பு, அத போன்ல பேசிக்கலாம். ஸ்கூட்டருக்கு மட்டும் இப்ப பதில் எழுதுறேன். இவர் ஐசிஎஃப் ரயில் பெட்டி ஃபேக்டரில இருந்து ரிட்டையர் ஆனதுல இருந்து வீட்ல சாப்பாட்டு நேரத்துல கூட பேட்டரி, மோட்டார், யூனிட்டுன்னுதான் பேச்சு, கேட்டு கேட்டு எனக்கும் கொஞ்சம் மண்டையில ஏறிடுச்சு, அதனால லெட்டர் நீளமாதான் போகும், பொறுத்துக்கோ.

வாங்கலாமா வேணாமான்னா, வாங்கு. உனக்கு இருக்கிற நெருப்பு பயம் நியாயமானதுதான், 2022ல வேலூர்ல ராத்திரி சார்ஜ் போட்டு வச்ச வண்டி பத்திக்கிட்டு அப்பாவும் பொண்ணும் புகையில மூச்சு முட்டி செத்தாங்களே, அத யார் மறக்க முடியும். அந்த வருஷம் அங்கங்க இப்படி வரிசையா நடந்ததுக்கு அப்புறம்தான் பேட்டரிய டெஸ்ட் பண்ற விதிய மத்திய அரசு இறுக்கினாங்க. இப்ப எல்எஃப்பின்னு ஒரு வகை பேட்டரி வருது, மத்தத விட அது லேசுல பத்திக்காதாம், கடைக்கு போனா உள்ள எந்த வகைன்னு கேளு, சேல்ஸ் பையன் திருதிருன்னு முழிச்சா வேற கடைய பாரு. வீட்ல எர்த் சரியா இருக்கான்னு முதல்ல எலக்ட்ரீஷியன கூப்பிட்டு காட்டு, 15 ஆம்ப்ஸ் பிளக் தனியா போட்டுக்கோ, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மட்டும் சொருகவே சொருகாத. வாசக்கதவுகிட்டயும் மாடிப்படிக்கு அடியிலயும் நிறுத்தி சார்ஜ் போடாத, ஏதாவது ஆச்சுன்னா நீங்க வெளிய ஓட வேண்டிய வழியே அதுதானே. அப்புறம் ஏசி ஓடுற மாசத்துல ரெண்டு மாசக் கணக்கு 500 யூனிட்ட தாண்டாம பாத்துக்கோ, தாண்டினா ஸ்லாப் மாறி பில்லு எகிறும், பெட்ரோல்ல மிச்சம் பிடிச்சத அங்க கொண்டு போய் கொட்டுவ.

ஆனா நீ சொன்ன இன்னொரு வார்த்தைதான் எனக்கு இடிக்குது. "நம்மால முடிஞ்சது, பூமி சூடாகறத குறைக்க ஒரு வண்டி மாத்துறோம்"னு சொன்னியே, அதுக்கு இவர் என்ன பண்ணார் தெரியுமா, காலண்டர் தாள கிழிச்சு பின்பக்கம் கணக்கு போட ஆரம்பிச்சிட்டார். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருதாம். ஒரு லிட்டர் பெட்ரோலே முக்கா கிலோ கூட இருக்காது, அதுல இருந்து எப்படி ரெண்டு கிலோவுக்கு மேல வரும்னு நான் மல்லுக்கு நின்னேன், எரியும்போது காத்துல இருக்கிற ஆக்சிஜனும் சேருதுல்ல அதான் எடைன்னார், சரின்னு விட்டுட்டேன். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடுற ஸ்கூட்டர்னா கிலோமீட்டருக்கு 50 கிராம். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒரு யூனிட்டுக்கு 30 கிலோமீட்டர் போல ஓடும், நம்ம நாட்டு கரண்ட்ல ஒரு யூனிட்டுக்கு சுமாரா 700 கிராம் கார்பன், கம்பியில வீணாப் போறதையும் சேத்தா கிலோமீட்டருக்கு 30 கிராம் வரைக்கும் வரும். ஏன்னா இங்க ஓடுற கரண்ட்ல முக்காவாசி கிட்ட இன்னும் நிலக்கரியில இருந்து வர்றதுதான். ஆக குறையுது, நிஜமாவே குறையுது, ஆனா பூஜ்யம் ஒண்ணும் ஆகல.

இப்ப நம்ம பழைய டீசல் பஸ்ஸ எடுத்துக்கோ, இருமிக்கிட்டு கருப்பா புகை விடுமே அதே பஸ். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர்தான் ஓடும், ஒரு லிட்டர் டீசலுக்கு 2.7 கிலோ கார்பன், கேட்டா பயங்கரமா இருக்குல்ல, ஆனா உள்ள 50 பேர் இருக்காங்க. ஆளுக்கு வகுத்தா கிலோமீட்டருக்கு 14 கிராம் கூட வரல. அதாவது நீ புத்தம்புது எலக்ட்ரிக் ஸ்கூட்டர்ல ஒத்தையா போறத விட, தொங்கிக்கிட்டு போற ஓட்ட டீசல் பஸ்ல போனா பாதிதான் கார்பன். இத கேட்டதும் எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு விஜி. எல்லாரும் என்ன வண்டி வாங்கலாம்னுதான் பேசுறாங்க, டிவில விளம்பரம் பூரா அதான், அந்த வண்டியே தேவைப்படாம இருக்க என்ன செய்யணும்னு பேச ஆள் இல்ல. பஸ்ஸுக்கு விளம்பரம் போட யாருக்கு என்ன லாபம், சொல்லு.

இங்க சென்னையில எங்க ஏரியாவுக்குத்தான் முதல்ல எலக்ட்ரிக் பஸ் வந்துச்சு, உனக்கு தெரியுமா? 2025 ஜூன் 30ஆம் தேதி வியாசர்பாடி டிப்போல 120 பஸ்ஸ விட்டாங்க, அப்புறம் ஆகஸ்ட்ல பெரும்பாக்கத்துல இருந்து ஏசி பஸ். வடசென்னைக்கு ஒரு நல்லது முதல்ல வந்ததே அதிசயம், எப்பவும் நமக்கு குப்பைதானே முதல்ல வரும். அந்த பஸ்ல ஏறினேன்டி, தாழ்தளம், முட்டி வலிக்காரிக்கு அதோட அருமை தெரியும், பழைய பஸ்ல முதல் படிக்கட்டுக்கே கைப்பிடிய பிடிச்சு தம் கட்டி ஏறணும், இதுல வீட்டு வாசப்படி ஏறுற மாதிரி உள்ள போயிடலாம். சிக்னல்ல நின்னா நின்னதுதான், உடம்பு ஆட்டம் இல்ல, கியர் போடுற கரகரப்பு இல்ல, சத்தமே இல்ல. அதுல ஒரே ஒரு கஷ்டம், இவ்ளோ நாள் இன்ஜின் சத்தத்துல நம்ம ஜனங்க போன்ல கத்தி கத்தி பேசி பழகிட்டாங்களா, இப்ப பஸ் அமைதியாயிடுச்சு ஆனா குரல் இறங்கல. பின் சீட்ல ஒரு அம்மா, அடகு வச்ச ஆரத்த மீட்டாம தங்கச்சி ஏமாத்துறான்னு யார்கிட்டயோ போன்ல பொரிஞ்சு தள்றாங்க, எத்தன சவரன், என்ன வட்டி, எந்த தெரு சேட்டு கடைன்னு பஸ் மொத்தத்துக்கும் தெரிஞ்சு போச்சு. கண்டக்டரே டிக்கெட் கிழிக்கிறத விட்டுட்டு "மூழ்கறதுக்குள்ள போய் மீட்டுருங்கம்மா"ன்னார். டிரைவர் கான்ட்ராக்ட் கம்பெனி ஆளு, கண்டக்டர் மட்டும் எம்டிசி, அதாவது அரசாங்க மாநகர பஸ் ஆளு, அதுவும் புது ஏற்பாடுதான். தனியார்கிட்ட போகுதேன்னு யூனியன்காரங்களுக்கு கோவம், எனக்கும் அது அவ்வளவா பிடிக்கல, ஆனா பஸ் வந்து நிக்குதே.

இந்த பஸ்ஸுக்கும் இவர் கணக்கு போட்டார், விடுவாரா. கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்டுக்கு மேல இழுக்குமாம், நிலக்கரி கரண்ட்ட வச்சு பாத்தா கார்பன்ல டீசல் பஸ்ஸுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் வராது. அப்ப எதுக்கு இந்த செலவுன்னு கேட்டேன். ரோட்டுல நிக்கிற பிள்ளைங்க மூக்குக்கு புகை போகலல்ல, அது ஒண்ணு. இன்னொண்ணு, டீசல் பஸ் சாகுற வரைக்கும் டீசல்தான் குடிக்கும், இது கரண்ட் மாற மாற தானா சுத்தமாகும்னார். சரிதான், ஆனா புகை எங்கயும் காணாம போயிடல விஜி, இங்க இருந்து நிலக்கரி எரிச்சு கரண்ட் எடுக்கிற எண்ணூருக்கு போயிருக்கு. அத்திப்பட்டு பக்கம் போனா இன்னிக்கும் சாம்பல் பறக்குது, கொசஸ்தலை ஆத்துல சாம்பல் படிஞ்சு மீன் பாடு குறைஞ்சு போச்சுன்னு அந்த ஜனங்க எத்தன வருஷமா கத்திக்கிட்டு இருக்காங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்துல பெட்ரோல் சுத்திகரிக்கிற ஆலையில இருந்து எண்ணெய் வேற கசிஞ்சு வந்து படகு, வலை எல்லாம் கருப்பாச்சு. பெட்ரோல் எரிச்சாலும் அவங்க தலையில, கரண்ட் எரிச்சாலும் அவங்க தலையில. 2024ல அங்கயே இன்னொரு 800 மெகாவாட் நிலக்கரி யூனிட் திறந்தாங்க. ஒரு பக்கம் பச்சை பஸ்ஸுக்கு கொடி, இன்னொரு பக்கம் நிலக்கரிக்கு ரிப்பன், என்னத்த சொல்ல.

அதனாலதான் உங்க நாகர்கோவில் பக்கத்த நினைச்சா எனக்கு பொறாமை. ஆரல்வாய்மொழி கணவாய்ல காத்து அடிக்கிற அடியில காத்தாடிங்க சுத்துறத நீ தினம் பாக்குற, "சத்தம் தாங்கலடி"ன்னு அலுத்துக்கவும் செய்யுற. தமிழ்நாட்டுல காத்தாலை மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல இருக்கு, மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் சீசன், மத்த நாள்ல படுத்துடும். சூரிய கரண்ட் நட்டநடு பகல்ல கொட்டும், நம்ம வண்டிய சார்ஜ் போடுறதோ ராத்திரி. டிப்போல பஸ்ஸுங்களும் பெரும்பாலும் ராத்திரிதான் சார்ஜ் ஏறும். பகல்ல சும்மா நிக்கிற நேரத்துல ஏத்துனா அந்த வெயில பிடிச்சுக்கலாம், இவர் இத யாரு கேட்டாலும் கேக்கலன்னாலும் சொல்லிக்கிட்டு திரியறார். நீயும் ஸ்கூட்டர பகல்ல போடு, தூங்கும்போது போடாததால நெருப்பு பயமும் பாதியாகும்.

கரண்ட் வண்டி என்னமோ புதுசா வானத்துல இருந்து குதிச்ச மாதிரி பேசுறாங்க, இங்க 1895லயே கரண்ட்ல டிராம் ஓடிச்சு, 1953ல நிறுத்திட்டாங்க. எங்க தாத்தா அதுல போன கதைய சொல்லிக்கிட்டே இருப்பார். பீச்–தாம்பரம் மின்சார ரயில் 1931. அப்பவே இருந்த டிராம பிடுங்கி எறிஞ்சிட்டு எழுபது வருஷம் கழிச்சு திரும்ப சுரங்கம் தோண்டுறோம். மாதவரத்துல இருந்து எங்க பெரம்பூர் வழியாத்தான் மெட்ரோ ரெண்டாம் கட்டம் வருது, மொத்தம் 118.9 கிலோமீட்டர், 63,000 கோடிக்கு மேல. தோண்டுற மெஷினுக்கெல்லாம் நீலகிரி, ஆனைமலைன்னு பேரு வச்சிருக்காங்க, ஊருக்கு அடியில மண்ண குடையிற மெஷினுக்கு மலை பேரு, யார் யோசனையோ. எப்ப முடியும்னு கேக்காத.

எனக்கு கோவம் வர்றது அந்த பெரிய விஷயத்துல இல்ல, பஸ் ஸ்டாப்புல. வீட்ல இருந்து ஸ்டாப்புக்கு போற வழிய பாரு, பிளாட்ஃபாரம்னு ஒண்ணு கட்டியிருக்காங்க, கொஞ்ச தூரம் நடந்தா ஈபி பெட்டி, இறங்கி ஏறினா பைக் வரிசை, அப்புறம் ஒரு மரம், அதுக்கு அப்பால பழக்கடை, பழக்கடைக்காரரும் பாவம் எங்க போவார், அவர தாண்டினா மூடி இல்லாத கால்வாய். ஸ்டாப்புல கூரை இருக்கு, நிழல் மட்டும் எதிர் ரோட்டுல விழுது. மே மாசம் அங்க நின்னு பாரு, தலை சுத்தும். 2024தான் உலகத்துல இதுவரைக்கும் பதிவானதுலயே சூடான வருஷம்னாங்க, பழைய காலத்த விட ஒன்றரை டிகிரி கூடவாம், ஒன்றரை டிகிரி என்ன பெருசுன்னு கேக்குறவங்கள மத்தியானம் 12 மணிக்கு இந்த ஸ்டாப்புல கொண்டு வந்து நிறுத்தணும். ஜனங்க ஏன் லோன் போட்டு டூ வீலர் வாங்குறாங்கன்னு அப்ப புரியும். மழை வந்தா அது வேற கதை, கணேசபுரம் சப்வேல தண்ணி நின்னுடும், பாதைய மூடிடுவாங்க, பஸ் எல்லாம் சுத்திக்கிட்டு போகும், எலக்ட்ரிக்கா இருந்தா என்ன டீசலா இருந்தா என்ன. பெரிய மழையும் முன்ன மாதிரி எப்பவோ ஒரு தடவைன்னு இல்ல, 2015ல பாத்தோம், 2023ல பாத்தோம்.

எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்கா இருக்காங்கல்ல, வியாசர்பாடில இருந்து முன்ன நடந்தே வருவாங்க, இல்லன்னா ஷேர் ஆட்டோ. 2021ல லேடீஸுக்கு சாதாரண கட்டண பஸ்ல டிக்கெட்டுக்கு காசு இல்லன்னு ஆனதும் பஸ்ஸுதான். மிச்சமான காச சீட்டு கட்டுறாங்க, அவங்க பையன் வண்டி வாங்கிக்கொடுன்னு நச்சரிச்சதுக்கு கூட "பஸ் இருக்கும்போது எனக்கெதுக்குடா"ன்னுட்டாங்களாம். அத கிளைமேட் சேஞ்சுக்குன்னு யாரும் கொண்டு வரல, ஓசி பஸ்ஸுன்னு எத்தன பேர் வாய்க்கு வந்தபடி கிண்டல் பண்ணாங்க. ஆனா இந்த ஊர்ல கார்பன குறைக்கிறதுக்கு அத விட உருப்படியா ஒண்ணு நடந்திருக்கான்னு எனக்கு தெரியல. பஸ்தான் பத்தல, இருக்கிற மூவாயிரத்து சொச்சம் பஸ்ஸும் இவ்ளோ பெரிய ஊருக்கு எந்த மூலைக்கு. சொந்தக்காரர் ஒருத்தர் எலக்ட்ரிக் கார் வாங்கிட்டு பூமிய காப்பாத்திட்ட மாதிரி பேசுறார், மத்திய கைலாஷ் சிக்னல்ல மத்த கார்ங்க கூட அதுவும் அதே இடத்த அடைச்சிக்கிட்டுதான் நிக்குது.

நாகர்கோவில்ல உனக்கு பஸ் எப்படின்னு நீதான் சொல்லணும். வீட்டுக்கு பக்கத்துல மினி பஸ் ஒழுங்கா வருதுன்னா, வடசேரி சந்தைக்கு அதுல போ, ஸ்கூட்டர மழைக்கும் அவசரத்துக்கும் வச்சுக்கோ. பழைய பெட்ரோல் வண்டி நல்லா ஓடுதுன்னா அவசரப்பட்டு தள்ளி விடாத, நீ ஓட்டுறது கொஞ்சம்தானே, அது தேயட்டும்.

பொங்கல் முடிஞ்சு ரெண்டு பேரும் அங்க வரலாம்னு இருக்கோம். எழும்பூர்ல இருந்து வந்தே பாரத் விட்டிருக்காங்கல்ல, அதுலதான் வரணும்னு இவர் ஒத்தக்கால்ல நிக்கிறார், அந்த ரயில் எங்க ஐசிஎஃப்ல செஞ்சதாச்சே, வழி பூரா சீட்டுக்கு அடியில என்ன இருக்குன்னு எனக்கு கிளாஸ் எடுப்பார். நீ நேந்திரங்கா சிப்ஸ் மட்டும் வாங்கி வை, தேங்கா எண்ணெயில பொரிச்சது, போன தடவை கொடுத்த கடையில வேணாம், அது காரலா இருந்துச்சு. கமலா டீச்சர் பேத்தி கல்யாணத்துக்கு உனக்கு பத்திரிகை வந்துச்சா? எனக்கு வாட்ஸ்அப்ல மட்டும்தான் வந்துச்சு, போறதா வேணாமான்னு யோசிக்கிறேன், நீ போறன்னா சொல்லு.

அன்புடன்,
உமா
பெரம்பூர்