அந்த மூன்றாவது பத்தியைத் திரும்பப் பெறுங்கள்: மகனின் பள்ளிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அம்மா எழுதுகிறேன். கபடிப் போட்டியன்று மைதானத்தில் என் மகன் அழுததும், மறுநாள் பிரேயரில் அதற்காக அவனை நிற்க வைத்துப் பேசியதும் உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு எல்லாப் பெற்றோருக்கும் வந்த சுற்றறிக்கையின் மூன்றாவது பத்தியைப் பற்றித்தான் இந்த மடல். இப்போது வரும் ஜப்பான் கார்ட்டூன்கள் ஆண் பிள்ளைகளை அழுமூஞ்சிகளாக்கி மன உறுதியைக் குலைக்கின்றன, வீட்டில் பார்க்க விடாதீர்கள் என்கிறது அது. அந்தப் பத்தியைத் திரும்பப் பெறுங்கள்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தோற்றுப்போனதற்காக அவன் அழவில்லை. எதிரணிப் பையனுக்குத் தோள்பட்டை நழுவி, அவன் வலியில் கத்தியதைப் பார்த்து அழுதான். ஏன் அழுகிறாய் என்று அங்கே இருந்த பெரியவர்கள் ஒருவரும் அவனைக் கேட்கவில்லை.

அந்தப் பிரேயருக்குப் பிறகு வீட்டில் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரு நாள் இரவு சாப்பிட உட்கார்ந்தவன் ஸ்பூன் கேட்டான். ரசம் சோற்றுக்கு ஸ்பூன் கேட்கிற பிள்ளை இல்லை அவன். சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்த்தால் மணிக்கட்டு வீங்கி நீலம் பாரித்திருந்தது. விளையாட்டு வகுப்பில் விழுந்து சில நாள் ஆகியிருக்கிறது. அந்தக் கையோடு வகுப்பில் எழுதியிருக்கிறான், சைக்கிள் ஓட்டியிருக்கிறான். எக்ஸ்ரேயில் எலும்பில் விரிசல். ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "வலிக்குதுன்னு சொன்னா மறுபடியும் பிரேயர்ல நிக்க வெப்பாங்கம்மா" என்றான். மாவுக்கட்டுப் போடும்போதும் கூரையைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி இருந்தான். நீங்கள் சொல்கிற மன உறுதி இதுதான் என்றால், என் பிள்ளைக்கு அது வேண்டாம்.

நீங்கள் தடுக்கச் சொல்கிற கதைகளை நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். மை ஹீரோ அகாடமியா தொடரில், வீரர்களை உருவாக்கும் பள்ளியில் படிக்கும் நாயகன் மிதோரியா எதற்கெடுத்தாலும் அழுகிறவன்தான். கூடவே, தொடக்கத்தில் தன் சக்தியைப் பயன்படுத்தும்போதெல்லாம் கைகால் எலும்பை முறித்துக்கொள்கிறவன். ஒரு கட்டத்தில் அந்தப் பள்ளியின் மருத்துவப் பாட்டி, இனி இப்படிப்பட்ட காயங்களைக் குணமாக்க மாட்டேன் என்று சொல்லிவிடுகிறார். வலியைத் தாங்குவதே வீரம் என்று அந்தக் கதை பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அப்புறம் அவன் அம்மா, இந்தப் பள்ளிக்கு இனி மகனை அனுப்ப மாட்டேன் என்கிறாள். நாடே கொண்டாடும் வீரர் ஆல் மைட் அங்கே ஆசிரியர். மலை மாதிரி உடம்புக்குள், இரைப்பையை இழந்து இரத்தம் கக்கும் ஒல்லி மனிதரை வருஷக்கணக்காக மறைத்து வைத்திருந்தவர். அவர் அந்த வீட்டுக்கு வந்து, தரையில் தலை வைத்து அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிறார். நான் யாரையும் தலை குனியச் சொல்லவில்லை. ஒரு பத்தியை நீக்கத்தான் சொல்கிறேன்.

"இப்போது வரும்" என்று எழுதியிருக்கிறீர்கள். 1979இல் வந்த முதல் 'கண்டம்' (Gundam) ரோபோ தொடரிலேயே, பதினைந்து வயது அமுரோ போருக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்துக் கப்பல் தலைவனிடம் அறை வாங்குகிறான், என் அப்பாகூட என்னை அடித்ததில்லை என்கிறான். 1984இல் தொலைக்காட்சிக்கு வந்த ஃபிஸ்ட் ஆஃப் தி நார்த் ஸ்டார் தொடரின் கென்ஷிரோவுக்குக் கோபம் வந்தால் சட்டை கிழிந்து தெறிக்கும். அவனும் அழுதவன்தான். 1995இல் வந்த இவாஞ்சலியன் தொடரின் ஷின்ஜி, அப்பாவின் கட்டளைக்குப் பயந்து நடுங்கினான், ஓடிப்போனான், திரும்பி வந்தான். ஆகவே கண்ணீர் புதிதில்லை. அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் மாறியிருக்கிறது. அந்தக் காலத்து டிராகன் பால் Z தொடரில் நண்பன் கிரிலின் கொல்லப்பட்டதும் கோக்குவின் துக்கம் அப்படியே வெறியாகி, தலைமுடி பொன்னிறமாக நிற்கும். என் தம்பியோடு உட்கார்ந்து அதைக் கைதட்டிப் பார்த்திருக்கிறேன். இப்போதைய டீமன் ஸ்லேயர் தொடரிலோ, அரக்கர்களை வேட்டையாடும் தான்ஜிரோ ஓர் அரக்கனின் தலையை வெட்டிவிட்டு, சாம்பலாகி உதிரும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வேண்டிக்கொள்கிறான். அவன் வாளை யாரும் பிடுங்கவில்லை, சண்டையில் அவன் பின்வாங்கவும் இல்லை.

அந்தத் தொடரிலும் எனக்குப் பிடிக்காதது உண்டு. எலும்பு முறிந்த நிலையில் தான்ஜிரோ, நான் மூத்தவன் என்பதால்தான் தாங்குகிறேன், இளையவனாக இருந்தால் தாங்கியிருக்க மாட்டேன் என்று சொல்லிக்கொள்வான். மூத்த பிள்ளை என்று சொல்லிச் சொல்லியே முதுகொடிந்த என் அண்ணனை நினைத்து அந்த இடத்தில் எனக்கு ஆத்திரமாக வந்தது. அதைப் பற்றி மகனிடம் பேசினேன், தடுக்கவில்லை.

2020இல் வந்த டீமன் ஸ்லேயரின் மூகன் டிரெயின் படம் ஜப்பானின் வசூல் சாதனையையே முறியடித்தது. அதன் முடிவில் அவர்களைக் காத்து நின்ற மூத்த வீரன் ரெங்கோகு இறந்ததும், பன்றித் தலை முகமூடி போட்ட முரடன் இனோசுகே, அழாதே என்று தான்ஜிரோவைப் பார்த்துக் கத்துகிறான். கத்துகிற அவனுடைய முகமூடிக் கண்களிலிருந்தே தண்ணீர் வழிகிறது. எங்கள் வீட்டில் நாங்கள் இருவரும் சேர்ந்து அழுத காட்சி அது. இப்போது என் மகன் அதைப் பார்க்கும்போது என் பக்கம் திரும்புவதில்லை.

போன ஆண்டு விழாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கையில் அட்டை அரிவாளைக் கொடுத்து, மீசை வரைந்து, "ஆம்பளடா" என்று வசனம் பேச வைத்தீர்கள். அதற்காக ஒரு சுற்றறிக்கையும் வரவில்லை. பெற்றோர் குழுவிலும் கைதட்டல் படங்கள்தான் வந்தன. பெண்ணைக் கேலி செய்பவனையும், கேள்வி கேட்டால் கை நீட்டுபவனையும் ஊரெல்லாம் வளர்த்துவிட்டு, இன்னொருவன் வலிக்காக அழுத பையனிடம்தான் மன உறுதியைப் பற்றிப் பேச நமக்குத் தோன்றுகிறது. பெண் பிள்ளைகளும் அந்த மைதானத்தில்தான் நிற்கிறார்கள். அழுவது கேவலம், அது பெண்களின் குணம் என்று ஒரே மூச்சில் அவர்களுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள்.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வயதுக்கு ஒவ்வாத தொடர்களும் இருக்கின்றன, சரி. எந்த வயதுக்கு எது என்று ஒரு பட்டியல் தயாரிக்கலாம், நானே உட்கார்ந்து உதவுகிறேன். ஆனால் அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு முன் அந்த மூன்றாவது பத்தியைத் திரும்பப் பெற்று, எல்லோருக்கும் போன அதே வழியில் அதைத் தெரிவிக்க வேண்டுகிறேன். அடிபட்டால் உடனே வந்து சொல்லலாம், யாரும் திட்ட மாட்டார்கள் என்பதையும் அதிலேயே சேருங்கள். உடற்கல்வி ஆசிரியர் என் மகனைத் தனியாக அழைத்து ஒரு வார்த்தை பேசினால் நன்றியோடு இருப்பேன். பிரேயரில் வேண்டாம். பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவனின் அம்மா