பத்தாயத்துக் கால்

அன்புள்ள மக்கா,

அம்மாவின் முட்டுவலி தேவலையா? இங்கே எல்லோரும் சுகம். ஓணத்துக்குப் பிறகு உனக்கு எழுதவே இல்லை. உன் வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தப்புச் செய்துவிட்டேன்.

சித்திரையில் குலசேகரம் பக்கம் வயதான ரப்பர் மரங்களை வெட்டினார்கள். விறகு மலிவாகக் கிடைத்தது. எங்கள் சாய்ப்புக் கூரை ஒழுகுமே என்று, உன் வீட்டில் நெல் போடும் மரப்பத்தாயம் இருக்கும் அறையில் பட்டைகூட உரிக்காமல் உருட்டுத்தடியாக அடுக்கிவிட்டேன். ஓணத்துக்குப் பெருக்கத் திறந்தால், அடுக்கைச் சுற்றி அரிசிமாவு கொட்டியதுபோல் வெள்ளைப் பொடி. தடியெல்லாம் சின்னச் சின்னத் துளை. மக்கா, அண்ணாந்து உன் வீட்டுக் கூரையின் கழுக்கோலைப் பார்த்தேன், வயிறு கலங்கிவிட்டது.

ஆசாரியைக் கூட்டிவந்தேன். உளியால் குத்திப் பார்த்துவிட்டு, "வைரம் பாஞ்ச அயனி மரம், ஒண்ணும் செய்யாது" என்றார். ரப்பருக்கு அப்படி உள்ளே கெட்டியான வைரம் கிடையாது, மாவுச்சத்தும் அதிகம். அதைத் தேடித்தான் வண்டு வருகிறது. வெயிலில் காய்ந்தால் செத்துவிடும் என்று நினைத்திருந்தேன். பச்சைத்தடியைத் துளைக்கும் வண்டு ஈரம் போனால் ஓய்ந்துவிடும். இந்த மாவுப்பொடி தள்ளுகிறதே, அது காய்ந்த தடியையும் விடாதாம்.

மருந்தடிக்கச் சொன்னார்கள். சோறு பொங்கும் விறகில் மருந்தா? புகை பிள்ளைகள் மூக்கில்தானே போகும்! ஒரே நாளில் எல்லாவற்றையும் முற்றத்துக்கு இழுத்துப் போட்டோம். துளை விழுந்ததெல்லாம் உடனே வெந்நீர் அடுப்புக்கு. மிச்சத்தைப் பட்டை உரித்து, சின்னதாகக் கீறி, சுவரை விட்டுத் தள்ளி, கல்மேல் இடைவெளி விட்டு அடுக்கினேன். மேலே மட்டும் தகரம், பக்கமெல்லாம் காற்று. வெட்டிய வாரமே செய்திருக்க வேண்டிய வேலை. கேஸ் அடுப்புக்காரனான உனக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது!

இனி சொல்லத் தயங்கியது. நீ ஒளிந்து தூங்கிப்போன அந்தப் பத்தாயம் பலா, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தாத்தா பிறகு மாற்றிப் போட்ட மாங்கட்டைக் கால் உளுத்துவிட்டது. விரலால் அமுக்கினால் உதிர்கிறது. ஐப்பசி மழைக்கு முன் அயனியில் புதுக்கால் போட ஆசாரியிடம் சொல்லிவிட்டேன், செலவு என்னுடையது, மறுக்காதே. இப்போதைக்கு அந்த மூலையில் செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

கழற்றிய காலைச் சாக்கில் கட்டி, விறகுக்கு எட்டாமல் கிணற்றடியில் வைத்திருக்கிறேன். வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. தாத்தா இழைத்தது என்பதால் அடுப்பில் வைக்க எனக்குக் கை வரவில்லை. என்ன செய்யட்டும் என்று நீயே எழுது.

உன் மக்கா

(சாவி பத்திரமாக இருக்கிறது.)