ஹார்மோனிக் தொடர் போய் நின்ற இடம்

அன்புள்ள மகளுக்கு,

போன வாரம் தொலைபேசியில் நீ "ஹைப்பர்சைக்ளிக்" என்றபோது புரிந்ததுபோல் உம் கொட்டிவிட்டேன். புரியவில்லை. அன்றிரவே காகிதத்தோடு உட்கார்ந்தேன். நான்கு நாள் ஆயிற்று.

கணிதவியலாளர் ரோலெவிச் 1969-இல் காட்டிய செயலியிலிருந்து (operator, ஒரு வெக்டரை இன்னொன்றாக மாற்றும் விதி) தொடங்கினேன். முடிவிலா எண்வரிசையில் முதல் எண்ணை உதிர்த்து, மிச்சத்தை ஓரிடம் முன்னே நகர்த்தி, எல்லாவற்றையும் 2-ஆல் பெருக்க வேண்டும். இதையே திரும்பத் திரும்பச் செய்தால், ஒரே ஒரு வெக்டர், அதாவது ஒரே ஓர் எண்வரிசை, அத்தகைய வரிசைகளாலான வெளியின் எல்லாப் புள்ளிகளுக்கும் அருகில் போய் வருமாம். அதுதான் ஹைப்பர்சைக்ளிக். நான் நம்பவில்லை. ஒரு சிறு பட்டியலை 1,024-ஆல் வகுத்து, பத்து இடம் தள்ளி வைத்துப் பார்த்தேன். பத்தாவது முறை அது அப்படியே முன்னால் வந்து நின்றது! விகிதமுறு எண்களாலான சிறு பட்டியல்கள் எண்ணத்தக்கவைதானே, ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்திவிடலாம். அவற்றையெல்லாம் இப்படி வெகுதூரம் தள்ளித் தள்ளி ஒளித்து வைத்தால் போதும். முன்னே வைத்தவை உதிர்ந்திருக்கும். பின்னே இருப்பவை இன்னும் வளர்ந்திருக்காது.

ஆனால் உன் கேள்வி செயலிகளின் குடும்பத்தைப் பற்றியது. 2-க்குப் பதில் 3-ஆல் பெருக்கினால் என் பட்டியல் 57 மடங்குக்கு மேல் வீங்கி வருகிறது. 1-ஐவிடப் பெரிய எல்லாப் பெருக்கிகளுக்கும் ஒரே வெக்டர் எப்படிக் கிடைக்கும்? பெருக்கிகள் எண்ணத்தக்கவை என்றால் பெய்ர் தேற்றம் பார்த்துக்கொள்ளும்: ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய எல்லா வெக்டர்களும் பொருந்தினால், எல்லாவற்றுக்கும் சேர்ந்து பொருந்துவதும் உண்டு. இவையோ எண்ணி மாளாதவை. அபாகுமோவும் கோர்டனும் 2003-இல் அப்படி ஒன்று உண்டு என்று நிறுவியதைச் சொன்னாய், ஏன் என்பதைச் சொல்லவில்லை. (வேண்டுமென்றேதானே?)

2-க்காக வைத்த பட்டியல் 2.001-க்கும் ஏறக்குறையச் சரியாகவே வருகிறது. பத்து முறைக்குப் பிழை அரை சதவீதம்தான். ஆக, ஒவ்வொரு பட்டியலும் பெருக்கிகளில் ஒரு சின்னத் துண்டையே மூடுகிறது. தூரம் இரட்டித்தால் துண்டு பாதியாகும். அதே பட்டியலை 100, 200, 300 எனச் சம தூரத்தில், பெருக்கியைச் சிறிது சிறிதாகக் கூட்டி வைத்துக்கொண்டே போனால், மூடப்படும் நீளங்கள் 1, 1/2, 1/3 என்ற விகிதத்தில் வருகின்றன. நம் ஹார்மோனிக் தொடர்! அதன் கூட்டுத்தொகைக்கு எல்லை கிடையாதே! 1.1 முதல் 5 வரை என்று எதை வெட்டிக் கொடுத்தாலும் மூடிவிடும். அப்படிப்பட்ட வெட்டுகள் எண்ணத்தக்க அளவு போதும். அங்கே மறுபடி பெய்ர்.

எத்தனை வகுப்புகளுக்கு இந்தத் தொடரை நடத்தியிருப்பேன்! "இது எதற்கு டீச்சர்?" என்ற கேள்விக்கு ஒரு நாளும் உருப்படியாகப் பதில் சொன்னதில்லை.

முடிவுள்ள பரிமாணத்தில் ஓர் அணியால் (matrix) மட்டும் இது முடியாது, எந்த வரிசையில் பெருக்கினாலும் ஒரே விடை தரும் சில அணிகள் சேர்ந்தால் முடியும் என்று ஃபெல்ட்மன் காட்டியதாகவும் சொன்னாயே, அதை ஞாயிறன்று விளக்கு. நிதானமாகச் சொல். இந்த முறை உம் கொட்டமாட்டேன்.

அன்புடன்,
அம்மா