அணுக்கழிவுக் கிடங்கு: உள்ளூர் மன்றத்துக்கு மறுப்புரிமை கேட்டு மனு

அனுப்புநர்: ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்

பெறுநர்: அணுசக்தித் துறைச் செயலாளர் அவர்கள்

பொருள்: அணுக்கழிவை ஆழத்தில் புதைக்க இடம் தேர்வு செய்தல் – உள்ளாட்சி மன்றத்துக்குச் சட்டப்படி மறுப்புரிமை கோருதல் – தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

அணுஉலைப் பாடம் நடத்தும்போது சாக்பீஸை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஒடித்து மாணவர் கையில் கொடுப்பேன். எரிபொருள் வில்லை ஏறக்குறைய அந்த அளவுதான். உலைக்குள் போகும் முன் அதைக் கையுறை போட்டு எடுக்கலாம். வெளியே வந்தபின் பக்கத்தில் நிற்கவே முடியாது. சூடு தணியப் பல ஆண்டுகள் தண்ணீருக்குள் கிடக்க வேண்டும். அதிலுள்ள புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே 24,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். "அப்புறம் அதை எங்கே சார் வைப்பாங்க?" என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

அறிவியலிடம் இதற்குப் பதில் இருக்கிறது. பின்லாந்தின் ஓங்கலோவில் 400 மீட்டருக்கும் கீழே, பழம்பாறையைக் குடைந்திருக்கிறார்கள். கழிவை அடைக்கச் செப்புக் கலன், அதைச் சுற்றி நீர் பட்டால் உப்பி இடுக்கை அடைத்துக்கொள்ளும் பெண்டோனைட் களிமண். சிக்கல் எல்லாம் இடம் கேட்கும் விதத்தில்தான்.

1987இல் அமெரிக்க நாடாளுமன்றம் மற்ற இடங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு, நெவாடாவின் யக்கா மலையை மட்டும் ஆய்வு செய்தால் போதும் என்று சட்டம் போட்டது. அந்த மாநிலம் விடாமல் எதிர்த்தது. கோடிக்கணக்கான டாலர் செலவழித்தும் அங்கே கிடங்கு வரவில்லை. அதே 1987இல் பின்லாந்து தன் அணுசக்திச் சட்டத்தில், உள்ளூர் மன்றம் வேண்டாம் என்றால் கிடங்கு கிடையாது என்று எழுதியது. ஓங்கலோ இருக்கும் ஊரான யூராயோக்கியின் மன்றம் 2000இல் சம்மதித்தது. அங்கே ஏற்கெனவே அணுமின் நிலையம் இருந்ததே என்பீர்கள். சரி, அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் மறுக்க முடியும் என்ற நிலையில் இருந்துதான் அவர்கள் சம்மதித்தார்கள்.

ஆகவே, ஆய்வுத் துளை போடும் முன்பே இந்த உரிமையைச் சட்டமாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மன்றம் தானே தேர்ந்தெடுக்கும் நிலவியலாளருக்கான செலவை அரசு ஏற்க வேண்டும்.

இன்னொன்று. 2014இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து நிலத்தடி அணுக்கழிவுக் கிடங்கில் ஒரே ஒரு பீப்பாய் வெடித்தது. ஈரம் உறிஞ்சக் கனிமப் பொடி போட வேண்டிய இடத்தில் தாவரப் பொருளாலான பொடியைப் போட்டிருந்தார்கள். அது உள்ளிருந்த நைட்ரேட் உப்புகளோடு வினைபுரிந்தது. கிடங்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் மூடிக்கிடந்தது. எனவே ஒவ்வொரு பீப்பாயிலும் என்ன இருக்கிறது என்ற பதிவேட்டை உள்ளூர் மன்றம் எப்போது வேண்டுமானாலும் பார்க்க வழி செய்ய வேண்டும்.

இம்மூன்று கோரிக்கைகளுக்கும் எழுத்துமூலம் பதில் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்